வளரும் மலையும் தேய்ந்த மலையும்

ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளின் பூசையறையில் கருநிறமான, வழவழப்பான ஒரு கல் இருக்கும். அதற்குச் சாளக்கிராமம் என்று பெயர். சில கற்களில் சக்கரம் போன்ற வரிகள் தெளிவாகத் தெரியும். வழிபடுவோருக்கு அது திருமாலின் வடிவம். நிலவியல் கற்றவர் அதே கல்லில் இன்னொரு செய்தியையும் படிக்கிறார். அந்தச் சக்கரம், அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் சுருள் ஓடு சேற்றில் பதிந்து கல்லாகிப் போன அச்சு. பார்வைக்கு நத்தை ஓடு போல் இருந்தாலும், அம்மோனைட் கணவாய் மீனுக்கு உறவு. அந்த இனம் முழுவதும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போயிற்று.

சாளக்கிராமம் கிடைப்பது நேபாளத்தில், காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில். அதையொட்டிய முக்திநாத் கடல் மட்டத்துக்கு மேல் 3,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. 108 திவ்ய தேசங்களில் முதலாவது ஸ்ரீரங்கம் என்பதும், சாளக்கிராமம் என்ற பெயரில் முக்திநாத்தும் அவற்றுள் ஒன்று என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போயிற்று?

இந்த வினாவை விடுவிப்பதற்கு முன், திருச்சிக்கு அருகிலேயே கிடைக்கும் மற்றோர் அம்மோனைட்டையும் பார்த்துவிடுவோம். திருச்சிக்கு வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் ஊட்டத்தூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து காரை, கல்லக்குடி, அரியலூர் வரை பரவியுள்ள பாறைப் படிவுகள் உலக நிலவியலாருக்கெல்லாம் அறிமுகமானவை. 19ஆம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு என்பவர் இவற்றை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா என்பவர் இங்குக் கிடைத்த உயிர்ச் சுவடுகளை விரிவாக எழுதினார். ஊட்டத்தூர்ப் படிவுகளின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. அவற்றில் அம்மோனைட்டுகள் ஏராளம். கல்லக்குடியில் சிமென்டுக்காக வெட்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லும் பழைய கடலின் கொடைதான்.

ஆக, நம் கையில் இரண்டு அம்மோனைட்டுகள் இருக்கின்றன. ஒன்று 15 கோடி ஆண்டுப் பழமையானது, இமயத்தில் கிடைக்கிறது. மற்றது 10 கோடி ஆண்டுப் பழமையானது. நம் சமவெளியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் கிடைக்கிறது. இரண்டும் கடலடிச் சேற்றில் புதைந்தவைதாம். ஒன்று மட்டும் மலையேறியது ஏன்? இந்த ஒரு வினாவுக்கு விடை தெரிந்தால், மலைகள் எப்படித் தோன்றுகின்றன, எப்படி நிற்கின்றன, எப்படி அழிகின்றன என்ற மூன்றும் விளங்கிவிடும்.

ஒரே நிலத்தின் இரு கரைகள்

நம் நாடு எப்போதும் இன்றுள்ள இடத்திலேயே இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, இந்தியா ஆகியவை கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அந்தப் பெருநிலம் சிறிது சிறிதாக உடைந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து விலகத் தொடங்கியது. இந்தியாவுக்கு வடக்கே, ஆசியாவுக்கும் அதற்கும் இடையில், டெத்திஸ் என்ற பெருங்கடல் கிடந்தது.

சாளக்கிராமத்து அம்மோனைட் வாழ்ந்தது இந்திய நிலத்தின் வடகரையில், டெத்திஸ் கடலில். ஊட்டத்தூர் அம்மோனைட் வாழ்ந்தது அதே நிலத்தின் கிழக்குக் கரையில், அண்டார்க்டிகா விலகியதால் புதிதாகத் திறந்த கடலில். இரண்டின் கதையும் வேறுபட்டதற்கு இந்த இட வேறுபாடே காரணம்.

பூமியின் மேற்பகுதி பல பெரும் தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. இந்தியத் தட்டு ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வரை வடக்கு நோக்கி விரைந்தது. டெத்திஸ் கடலின் தரைப் பாறை அடர்த்தி மிக்கது. அது ஆசியாவின் அடியில் புகுந்து கீழே அமிழ்ந்தது. கடல் குறுகிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தின் வட விளிம்பு ஆசியாவின் மீது மோதியது. கண்டத்தின் பாறை இலேசானது. அது கடல் தரையைப் போல எளிதில் அமிழாது. ஆகவே அது நசுங்கியது, மடிந்தது, அடுக்கடுக்காகப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. வடகரைச் சேறும் அதில் புதைந்திருந்த அம்மோனைட்டும் அதனுடனே மேலே போயின.

கிழக்குக் கரைக்கு எதிரில் மோதுவதற்கு எந்த நிலமும் இல்லை. வங்கக் கடல்தான் விரிந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் கடல் மட்டம் இன்றைவிட மிக உயர்ந்திருந்ததால் கடல் ஊட்டத்தூர் வரை ஏறி வந்தது, பிறகு பின்வாங்கியது. அம்மோனைட் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. சுருங்கச் சொன்னால், இங்கே கடல் இறங்கிப் போனது; அங்கே கடலின் தரையே ஏறிப் போனது.

எவரெஸ்டு சிகரத்தின் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். அது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. கல் பழையது, அந்தக் கல்லைத் தூக்கிய மலைதான் புதியது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு மலையிலுள்ள பாறையின் வயது வேறு, அந்த மலை எழுந்த காலம் வேறு.

நேற்று எழுந்த மலைகள்

இமயம் ஒரே மூச்சில் எழவில்லை. களத்தில் காயும் நெல்லைப் பலகையால் தள்ளிக் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பலகையை ஒட்டி நெல் குவியும். குவியல் ஓர் அளவுக்கு உயர்ந்தபின், மேலும் தள்ளினால் அதன் முன்விளிம்பில் புதிய நெல் சேரும். குவியல் முன்னோக்கிப் பரவும். இமயமும் அவ்வாறே வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பரவியது. நடுப்பகுதியில் பெரும்பிளவு ஒன்றின் வழியாகப் பாறைகள் மேலேறியது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குத் தெற்கே இன்னொரு பிளவு சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் இயங்கத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னே, கங்கைச் சமவெளியை ஒட்டி நிற்கும் சிவாலிக் குன்றுகள் மடிந்து எழுந்தது கடந்த சில 10 இலட்சம் ஆண்டுகளில்தான்.

சிவாலிக் குன்றுகளின் கதை வியப்பானது. உயரமான இமயத்திலிருந்து ஆறுகள் அரித்து வந்த மணலும் கூழாங்கல்லும் மலையடிவாரத்தில் படிந்தன. தள்ளுதல் நிற்கவில்லை. எனவே அந்தப் படிவும் மடிந்து மலையாயிற்று. மலையின் கழிவே மற்றொரு மலையானது! அங்குள்ள பாறைகளில் பழங்கால யானை வகைகளின் எலும்புகள் கிடைக்கின்றன.

காஷ்மீரிலும் ஒரு சான்று உண்டு. பீர் பஞ்சால் மலைத்தொடர் எழுந்தபோது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் நீர் தேங்கி ஏரியாயிற்று. அந்த ஏரியின் அடியில் படிந்த வண்டலுக்குக் கரேவா என்று பெயர். பாம்பூரில் குங்குமப்பூ விளைவது இந்தக் கரேவா மண்ணில்தான். ஏரி வண்டல் கிடைமட்டமாகவே படியும் என்பது இயற்கை விதி. ஆனால் பீர் பஞ்சால் சரிவுகளில் இந்த வண்டல் அடுக்குகள் சாய்ந்து, உயரத்தில் தொங்குகின்றன. படிந்த பிறகுதான் மலை அவற்றைத் தூக்கியிருக்க வேண்டும். நிலவியல் கணக்கில் இது நேற்றைய நிகழ்ச்சி.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

இவ்வளவு பாரத்தைப் பூமி எப்படித் தாங்குகிறது? இதற்கு விடை கிடைத்தது நம் நாட்டிலேயே.

1802ஆம் ஆண்டில் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்பவர் ஓர் அடிக்கோட்டை அளந்தார். பின்னர் இந்தியப் பெரும் நில அளவையாக வளர்ந்த பணியின் தொடக்கம் அது. அளவை வடக்கே சென்றபோது ஒரு சிக்கல் எழுந்தது. மத்திய இந்தியாவிலுள்ள கல்யாண்பூருக்கும், இமயத்துக்கு அருகிலுள்ள கலியானாவுக்கும் இடையே உள்ள தூரத்தை இருவழிகளில் கணக்கிட்டார்கள். ஒன்று நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது; மற்றொன்று விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கணிப்பது. இரண்டுக்கும் 5.24 விகலை வேறுபாடு வந்தது. தரையில் அது சுமார் 160 மீட்டர்.

கொத்தனார் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை அறிவீர்கள். விண்மீனை அளப்பவருக்கும் நேர்குத்துத் திசையைக் காட்ட அதே குண்டுதான் அடிப்படை. கலியானாவில் இமயத்தின் ஈர்ப்பு அந்தக் குண்டைத் தன் பக்கம் சற்றே இழுத்திருக்கும் அல்லவா? கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட், இமயத்தின் பருமனைக் கொண்டு அந்த இழுப்பைக் கணக்கிட்டார். விடை 15 விகலைக்கு மேல் வந்தது! அதாவது குண்டு விலகியது உண்மைதான். ஆனால் விலக வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே விலகியிருந்தது.

மலை உள்ளீடற்றதா? இல்லை. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஏரி ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பது போல, மலைக்கும் கீழே ஆழமான வேர் இருக்கிறது. அந்த வேர், சுற்றியுள்ள கனமான பாறையைவிட இலேசானது. மேலே உள்ள மலையின் கூடுதல் நிறையை, கீழேயுள்ள வேரின் குறைவான நிறை ஈடுகட்டுகிறது. எனவே குண்டு குறைவாகவே இழுக்கப்படுகிறது.

இதை நீங்களே கணக்கிடலாம். பூமியின் மேலோட்டுப் பாறையின் ஒப்படர்த்தி 2.8 என்றும், அதன் கீழுள்ள கவசப் பாறையின் ஒப்படர்த்தி 3.3 என்றும் கொள்வோம். திபெத்து மேட்டுநிலத்தின் சராசரி உயரம் சுமார் 5 கி.மீ. அந்தக் கூடுதல் நிறை 5 × 2.8 = 14 அலகு. வேர் ஒரு கி.மீ. கீழே இறங்கினால் 3.3 இருந்த இடத்தில் 2.8 வருகிறது, மிச்சம் 0.5 அலகு. 14 அலகை ஈடுகட்ட 14 ÷ 0.5 = 28 கி.மீ. வேர் தேவை. சாதாரண மேலோட்டின் தடிப்பு 35 கி.மீ. என்றால், திபெத்தின் அடியில் 35 + 5 + 28 = 68 கி.மீ. இருக்க வேண்டும். நிலநடுக்க அலைகளைக் கொண்டு அளந்து பார்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 70 கி.மீ.! ஆர்க்கிமிடீஸ் விதி மலைகளுக்கும் பொருந்துகிறது.

மலைக்கோட்டை என்ன மலை?

இப்போது திருச்சிக்குத் திரும்புவோம். நகரின் நடுவே 83 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலைக்கோட்டைப் பாறை, இமயத்தைவிடப் பழமையானது என்று எல்லோரும் பெருமையுடன் சொல்வார்கள். அது உண்மையே. அந்தப் பாறையின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அது இமயத்தைப் போலத் தள்ளப்பட்டு எழுந்த குன்றன்று. அப்படியானால் அது எப்படி உயர்ந்து நிற்கிறது?

மேலே போட்ட கணக்கைத் தொடர்ந்தால் விடை தானே வரும். மலையின் உச்சியிலிருந்து மழையும் ஆறும் 1 கி.மீ. தடிப்புள்ள பாறையை அரித்துக்கொண்டு போகட்டும். பாரம் குறைந்ததால் வேர் மேலே மிதந்து வரும். சரக்கை இறக்க இறக்கப் படகு மேலெழுவதைப் போன்றது இது. ஆகவே மலையின் உயரம் 1 கி.மீ. குறையாது, சுமார் 0.15 கி.மீ. மட்டுமே குறையும். 5 கி.மீ. உயரமும் அடியோடு போக வேண்டுமானால் மொத்தம் 33 கி.மீ. பாறை அரிக்கப்பட வேண்டும். அதன் பிறகு தரைமட்டத்தில் நாம் காணும் பாறை எது? ஒரு காலத்தில் 33 கி.மீ. ஆழத்தில் கிடந்த வேர்!

தமிழகத்தின் பாறைகள் இதற்குச் சாட்சி. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் சார்னோகைட் என்ற கருநீலச் சாயல் கொண்ட பாறை மிகுதி. இத்தகைய பாறை உருவாக மிகுந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும். அவை 20 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில்தான் கிடைக்கும். அது இன்று வெயிலில் காய்கிறது என்றால், அதன் மேல் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று பொருள். கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில் இங்கும் நிலங்கள் மோதின. இங்கும் பெருமலைகள் எழுந்தன. திருச்சி மாவட்டத்தின் கருங்கல் தரை, மறைந்துபோன அந்த மலைகளின் வேர்.

அந்த வேரிலும் எல்லாப் பகுதியும் ஒரே உறுதி உடையதன்று. வெடிப்புகள் நிறைந்த பாறையில் நீர் புகுந்து அதை மண்ணாக்கிவிடுகிறது. வெடிப்பு குறைந்த பாறை எஞ்சி நிற்கிறது. மலைக்கோட்டை அப்படி எஞ்சிய ஒன்று. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அதில் குடைவித்த குகைக் கோயிலும் அதன் கல்வெட்டும் 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்பது அதன் உறுதியைக் காட்டும். மலைக்கோட்டை உயரவில்லை, சுற்றியுள்ள நிலம்தான் இறங்கிவிட்டது.

இறங்கிய மண் எங்கே போயிற்று? முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து காவிரி, கொள்ளிடம் என்று ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வண்டல் தீவுதான் ஸ்ரீரங்கம். மேற்கே உள்ள பழம்பாறைகள் துகளாகி ஆற்றோடு வந்து படிந்த நிலம் அது. மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் அருகருகே இருந்தாலும், ஒன்று நம் மாநிலத்தின் மிகப் பழைய தரையைச் சேர்ந்தது. மற்றது மிகப் புதிய தரை. இமயத்தின் துகளும் இப்படித்தான் பயணம் செய்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுபோய்க் கொட்டிய வண்டல், வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளத்துக்கு, இலங்கைக்கும் தெற்கே வரை விசிறி போல் பரவிக் கிடக்கிறது.

தள்ளுதல் இன்னும் நிற்கவில்லை

இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடகிழக்கு நோக்கி நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகமும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்ரீரங்கத்தின் 13 நிலை இராஜகோபுரத்துக்கு 1987ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. 40 ஆண்டுகளில் அந்தக் கோபுரம் தரையோடு சேர்ந்து 2 மீட்டர் நகர்ந்துவிடும். சுற்றியுள்ள எல்லாமே உடன் நகர்வதால் நமக்குத் தெரிவதில்லை. செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவிகளுக்குத் தெரிகிறது.

இந்த நகர்வில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இமயத்தின் குறுக்கே ஒடுங்குகிறது. அதாவது ஸ்ரீரங்கத்துக்கும் முக்திநாத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஆண்டுதோறும் அந்த அளவை ஒட்டிக் குறைந்து வருகிறது. ஆனால் இமயத்தின் அடியிலுள்ள பிளவு எண்ணெய் போட்டது போல் வழுக்கிச் செல்வதில்லை. உராய்வினால் பிடித்துக்கொள்கிறது. பாறை, அழுத்திய சுருள்வில்லைப் போல் மீள்விசை ஆற்றலைச் சேமிக்கிறது. ஆண்டுக்கு 2 செ.மீ. என்றால் 100 ஆண்டில் 2 மீட்டர். 500 ஆண்டில் 10 மீட்டர். உராய்வு தாங்காத கணத்தில் வில் விடுபடுகிறது. அதுவே நிலநடுக்கம்.

1905இல் காங்க்ரா, 1934இல் பீகார்–நேபாளம், 1950இல் அஸ்ஸாம், 2015இல் நேபாளம் என்று இமயத்தை உலுக்கிய பெரும் நிலநடுக்கங்கள் எல்லாம் மலையாக்கத்தின் படிகளே. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவுள்ள நடுக்கத்தின்போது காட்மாண்டுப் பள்ளத்தாக்கு சில விநாடிகளில் சுமார் 1 மீட்டர் உயர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இடிந்த கட்டடங்களால் மாண்டவர்கள். மலை வளர்வதை நம்மால் தடுக்க இயலாது. இடியாத வீட்டைக் கட்ட இயலும். இமயத்தின் அடிவாரத்தில் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள் என்பதால், இது பாடநூல் செய்தியாக மட்டும் நின்றுவிடக் கூடாது. தட்டின் விளிம்பிலிருந்து வெகுதொலைவில் உள்ள தென்னிந்தியாவில் நடுக்கங்கள் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1993இல் மராட்டியத்தின் லாத்தூர்ப் பகுதியில் நேர்ந்த அழிவு அதற்குச் சான்று.

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. அந்த எண் முற்றுப்பெற்ற எண் அன்று. உந்துவிசை ஒரு பக்கம் தூக்க, மழையும் பனியாறும் மறுபக்கம் அரிக்க, இரண்டுக்கும் நடுவே நிற்கும் இன்றைய கணக்கு அது. உந்துவிசை என்றாவது நிற்கும். அதன் பிறகு அரிப்பு ஒன்றே எஞ்சும். அப்போது இமயத்தின் வேர்களும் மேலே வந்து, இடையிடையே மலைக்கோட்டை போன்ற குன்றுகள் மட்டும் நிற்கும் சமவெளி அங்கே தோன்றும்.

செய்து பாருங்கள்

1. ஒரே மரத்தில் வெட்டிய, வெவ்வேறு தடிப்புள்ள மூன்று கட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுங்கள். மிகத் தடித்த கட்டை நீருக்கு மேல் எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் மேற்பகுதியில் 1 செ.மீ. அறுத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். உயரம் 1 செ.மீ. குறைந்ததா?

2. ஈரத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை மெதுவாகத் தள்ளுங்கள். முதல் மடிப்பு எங்கே தோன்றுகிறது, அடுத்தது எங்கே என்று கவனியுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு பகுதி ஆண்டுக்கு 5 மி.மீ. வீதம் உயர்ந்தால் 50 இலட்சம் ஆண்டுகளில் எவ்வளவு உயரும்? எந்த மலையும் அந்த உயரத்தை எட்டாதது ஏன்?

2. திபெத்துக்கு நாம் போட்ட கணக்கை 2 கி.மீ. உயரமுள்ள ஒரு மேட்டுநிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். வேரின் ஆழம் என்ன?

3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள குன்று, தள்ளப்பட்டு எழுந்ததா, அல்லது சுற்றுப்புறம் இறங்கியதால் எஞ்சியதா? அதைத் தீர்மானிக்க எந்தெந்தச் சான்றுகளைத் தேடுவீர்கள்?